படகில் ஏறுமுன் எண்ணிப் பாருங்கள்



பாடசாலை லீவு தொடங்கியதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த முறை எங்கே போறோம்?" என்பதுதான். வேன் ஒன்றைப் பேசி, விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு, சோற்றையும் கறியையும் கட்டிக்கொண்டு, மூத்தம்மா முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் ஏறிப் புறப்படுகிறோம். போகிற இடத்தில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். பலப்பிட்டிய மாது கங்கை, பெந்தோட்டை ஆறு, நீர்கொழும்புக் களப்பு, பொத்துவில் களப்பு என்று எங்கே போனாலும் கரையில் ஒரு படகு காத்து நிற்கிறது. வசதியுள்ள சில குடும்பங்கள் கேரளம் வரை போய், ஆலப்புழையில் படகு வீடு எடுத்து ஓர் இரவு தங்கி வருகின்றன.

குடும்பமாகப் போய் அல்லாஹ்வின் படைப்புகளைப் பார்த்து மனம் மகிழ்வதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் அடுப்படியே கதியென்று கிடக்கும் பெண்களுக்கு ஒரு நாள் காற்று வாங்கும் உரிமை இல்லையா? உண்டு. பிரயாணத்தைத் தடுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. போனவர்கள் அத்தனை பேரும் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

தண்ணீரில் நடந்த பெரிய விபத்துகளைக் கவனித்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அவற்றில் பலவற்றின் காரணம் கரையிலேயே தொடங்கிவிட்டது. எத்தனை பேர் ஏறினார்கள், எந்த நேரத்தில் ஏறினார்கள், உயிர்காப்பு அங்கி அணிந்தார்களா, படகு எப்படிப்பட்டது என்பவையெல்லாம் கால் எடுத்து வைக்குமுன் தெரிந்துகொள்ளக் கூடியவை. அந்த நேரத்தில் "இந்தப் படகில் நாம் ஏற வேண்டாம்" என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

படகு வீடு என்பது என்ன?

கேரளத்தில் அதை 'கெட்டுவள்ளம்' என்பார்கள். 'கெட்டு' என்றால் கட்டு. ஆஞ்சிலி மரப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் கட்டி இணைத்து, ஆணி அடிக்காமல் செய்த வள்ளம் என்பதால் அந்தப் பெயர் வந்தது. முந்திய காலத்தில் இவை மனிதர் தங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குட்டநாட்டு வயல்களில் விளைந்த நெல்லையும் வாசனைத் திரவியங்களையும் கொச்சித் துறைமுகத்துக்கு ஏற்றிச் சென்ற சரக்கு வள்ளங்கள் அவை. லொறிகளும் பாலங்களும் வந்த பின் அவற்றுக்கு வேலை இல்லாமற் போயிற்று. 1990களின் தொடக்கத்தில் அவற்றின் மேல் மூங்கிலாலும் பாயாலும் கூரை வேய்ந்து, படுக்கை அறை, குளியலறை, சமையலறை அமைத்து உல்லாசப் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். இன்று வேம்பநாட்டுக் காயலில் பெருந்தொகையான படகு வீடுகள் ஓடுகின்றன. சிலவற்றில் குளிரூட்டியும் மேல் தட்டும் உண்டு.

அகலமான அடிப்பாகம், மெதுவான ஓட்டம், பெரும்பாலும் கரையை ஒட்டிய பாதை. இவையெல்லாம் நல்ல அம்சங்கள். மாலை ஐந்தரை, ஆறு மணிக்குள் படகு வீட்டைக் கரையில் கட்டிவிட வேண்டும் என்ற நடைமுறையும் அங்கே உண்டு. இருட்டிய பின் காயலில் மீனவர்கள் வலை விரிக்க வேண்டும். இருட்டில் ஓடுவது பிரயாணிகளுக்கும் ஆபத்து. ஆகவே "இன்னும் ஒரு சுற்றுப் போவோம்" என்று படகுக்காரரை நச்சரிக்காதீர்கள். அவர் மறுத்தால் அது நம் நன்மைக்குத்தான்.

மறக்கக் கூடாத மூன்று நாட்கள்

2023 மே 7ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் தானூர் என்ற ஊர். பாடசாலை விடுமுறைக் காலம். தூவல் தீரம் கடற்கரையில் குடும்பங்கள் கூடியிருந்தன. இருட்டத் தொடங்கும் வேளையில் இரண்டு தட்டுள்ள உல்லாசப் படகொன்று, ஏற்ற வேண்டிய தொகைக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அது கவிழ்ந்தது. 22 பேர் மரணித்தார்கள். அவர்களில் பலர் பிள்ளைகள். பதினொரு பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அது மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த படகு என்பது பிறகு தெரியவந்தது. நம்மைப் போலவே உம்மாவும் பிள்ளைகளும் மச்சிமாருமாக, மாலைக் காற்று வாங்கப் போனவர்கள் அவர்கள். ஒரு வீட்டிலிருந்து அத்தனை ஜனாஸாக்கள் புறப்பட்டதை நினைத்துப் பாருங்கள்.

2009 செப்டெம்பர் 30ஆம் திகதி. அதே கேரளத்தில் தேக்கடி ஏரி. காட்டு விலங்குகளைப் பார்க்கச் சென்ற இரண்டு தட்டுப் படகு சாய்ந்து கவிழ்ந்ததில் 45 பேர் மரணித்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பிரயாணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது படகு நிலை தவறியதாகச் செய்திகள் கூறின.

மூன்றாவது நாள் நமது மண்ணில். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை. கிண்ணியா, குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் மக்கள் இழுவைப் பாதையில் ஏறிக் கடந்தார்கள். அது கவிழ்ந்ததில் அன்றே ஆறு பேர் மரணித்தனர். பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அவர்களில் அடக்கம். அவர்கள் உல்லாசத்துக்காகப் போனவர்கள் அல்லர். வேறு வழியில்லாமல் ஏறியவர்கள். வழியில்லாதவர்களின் துயரம் வேறு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் வேறு. ஆனால் உல்லாசத்துக்காகப் போகும் நமக்கு ஏறாமல் இருக்கும் வசதி உண்டு. அந்த வசதியை நாம் பயன்படுத்தாவிட்டால் யாரைக் குற்றம் சொல்வது?

படகு ஏன் கவிழ்கிறது?

இதை விளங்க ஒரு சஹனை எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றைப் பரப்பி, நடுவில் இறைச்சியை வைத்து, இரண்டு கையாலும் இடுப்பளவில் பிடித்து நடந்தால் ஒன்றும் சிந்தாது. அதே சோற்றை உயரமாகக் குவித்துக்கொண்டு நடந்தால் ஆடும். எல்லா இறைச்சியையும் ஓர் ஓரமாக ஒதுக்கினால் சஹன் அந்தப் பக்கம் சரியும். படகும் அப்படித்தான். பாரம் கீழேயும் நடுவிலும் இருக்கும் வரை அது நிலையாக மிதக்கும். மேல் தட்டில் கூட்டம் சேர்ந்தால் பாரம் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. எல்லோரும் படம் பிடிக்க ஒரே பக்கம் எழுந்து ஓடினால் படகு அந்தப் பக்கம் சாய்கிறது. சாய்ந்த பக்கத்து விளிம்புக்கு மேலாகத் தண்ணீர் ஏறிவிட்டால் பிறகு நேரமில்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு ஏறுமுன்பே சொல்லிவையுங்கள். முதலை தெரிந்தாலும் சரி, கொக்கு தெரிந்தாலும் சரி, இருந்த இடத்தில் இருந்தே பார்க்க வேண்டும். கைத்தொலைபேசியில் படம் எடுக்க ஓரத்துக்குப் போவது பெரியவர்களுக்கும் கூடாது.

ஏறுமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, தலைகளை எண்ணுங்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிராவிட்டால் படகுக்காரரிடம் கேளுங்கள். கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். "சின்னப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கத் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, உயிர்காப்பு அங்கிகளை எண்ணுங்கள். ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். பிள்ளைகளின் அளவிலும் இருக்க வேண்டும். கூரையில் செருகிவைத்த அங்கியும் மூட்டையாகக் கட்டிப்போட்ட அங்கியும் விபத்து நேரத்தில் கைக்கு எட்டாது. கரையிலேயே அணிய வேண்டும்.

மூன்றாவது, நேரத்தைப் பாருங்கள். இருட்டும் நேரத்தில் விழுந்தவரைத் தேடுவது மிகவும் சிரமம். மழைமேகம் இருண்டு வந்தால், காற்று எழும்பினால், முன்பணம் கொடுத்திருந்தாலும் விட்டுவிடுங்கள். பணத்தைப் பிறகும் உழைக்கலாம்.

நான்காவது, வெளியேறும் வழியைப் பாருங்கள். யன்னல்கள் கம்பி போட்டு அடைத்திருந்தால், ஒரே ஒரு ஒடுங்கிய வாசல் மட்டும் இருந்தால், படகு சாயும்போது உள்ளே இருப்பவர்கள் சிக்கிக்கொள்வார்கள். பிள்ளைகளோடு வாசலுக்கு அருகில் உட்காருங்கள்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட வந்தவர்கள் முகம் சுளிக்கலாம். பிள்ளைகள் அழலாம். "இவ எதுக்கும் பயப்படுவா" என்று நாத்தனார் சிரிக்கலாம். சிரிக்கட்டும். சிரித்தவர்களும் சேர்ந்துதான் வீடு திரும்புவார்கள்.

அங்கியும் அபாயாவும்

நம் பெண்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய விடயம் இது. உயிர்காப்பு அங்கியை அபாயாவுக்கு மேலேதான் அணிய வேண்டும். "பார்வைக்கு அழகில்லை" என்று அதை உள்ளே அணிந்து மேலே அபாயாவைப் போடாதீர்கள். விழுந்தவரைத் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அங்கியின் நிறம். அவர்கள் பிடித்துத் தூக்குவதும் அதைத்தான். நீண்ட தலைத்துணியின் முனைகளை அங்கிக்குள் செருகிவிடுங்கள். நீளமான அபாயா தண்ணீரில் கால்களைச் சுற்றிக்கொள்ளும். ஏறி வரும்போது நனைந்த துணியின் பாரம் கீழே இழுக்கும். எனவே கால் தடுக்காத உயரமுள்ள ஆடையும், உள்ளே தளர்வான காற்சட்டையும், கழற்றுவதற்கு இலகுவான செருப்பும் படகுக்குப் பொருத்தம். உடலை மறைப்பதும் உயிரைக் காப்பதும் ஒன்றோடொன்று மோதுபவை அல்ல. கொஞ்சம் முன்கூட்டி யோசித்தால் இரண்டும் நடக்கும்.

பிள்ளைக்கு அங்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் இலகுவான வழி உண்டு. கட்டுகளையெல்லாம் இறுக்கிய பின் தோள் பகுதியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறிவந்தால் அது பெரிது. தண்ணீரில் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். சிறு பிள்ளைகளின் அங்கியில் இரண்டு கால்களுக்கும் இடையால் வரும் பட்டி இருக்க வேண்டும். கைக்குழந்தையை உங்கள் அங்கிக்குள் வைத்துக் கட்டாதீர்கள். துணியால் உங்கள் உடலோடு முடிச்சுப் போடவும் வேண்டாம். குழந்தையின் அளவில் அங்கி இல்லையென்றால் குழந்தையும் நீங்களும் கரையில் இருப்பதே நல்லது.

படகு வீட்டில் இரவு தங்கினால்

ஏறியதும் படகுக்காரரிடம் மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கிகள் எங்கே, மிதவை வளையம் எங்கே, தீயணைக்கும் கருவி எங்கே? மூங்கிலும் பாயும் இலகுவில் தீப்பிடிக்கும் பொருட்கள். சமையலறையில் காஸ் சிலிண்டர் இருக்கிறது. ஆகவே அறைக்குள் நுளம்புத்திரி, மெழுகுதிரி, சாம்பிராணி கொளுத்தாதீர்கள். நுளம்பு வலை கேளுங்கள்.

குளிரூட்டிக்காகச் சில படகுகளில் இரவிலும் ஜெனரேட்டர் ஓடும். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட் என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த அறைக்குள் அது புகுந்தால் தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே மரணிக்கலாம். ஜெனரேட்டரின் புகைக்குழாய் அறையின் பக்கம் இருந்தால் வேறு படகு கேளுங்கள். இரவில் தலைவலி, குமட்டல், மயக்கம் ஒன்றுக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் வந்தால் உடனே எல்லோரையும் எழுப்பி வெளியே திறந்த காற்றுக்கு வந்துவிடுங்கள்.

வுழூச் செய்வதற்காகப் படகின் ஓரத்தில் குனிந்து ஆற்று நீரை அள்ளாதீர்கள். ஓரம் ஈரமாக இருக்கும், பாசி பிடித்திருக்கும். கால் கழுவ ஒற்றைக் காலில் நிற்கும்போதே வழுக்கிவிடும். குளியலறையில் உட்கார்ந்து வுழூச் செய்யுங்கள். படகு ஓடும்போது தொழுகை நேரம் வந்து, நின்று தொழுதால் தலைசுற்றும், விழுந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் உட்கார்ந்து தொழ ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. மாலையில் படகைக் கரையில் கட்டிய பின் மஃரிபையும் இஷாவையும் கரையில் இறங்கி நிம்மதியாக நின்று தொழலாம்.

இரவில் சிறு பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடப்பார்கள். வீட்டில் நடந்தால் சுவரில் முட்டும். இங்கே வாசலைத் தாண்டினால் தண்ணீர். அறைக் கதவைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழிடுங்கள். பகலிலும் "எல்லோரும் இருக்கிறோமே" என்று விடாதீர்கள். எல்லோரும் பார்ப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தால் யாருமே பார்ப்பதில்லை. இந்த மணித்தியாலத்துக்கு ராத்தா, அடுத்த மணித்தியாலத்துக்கு மாமி என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். அந்த நேரத்தில் அவர் கையில் தொலைபேசி இருக்கக் கூடாது. தண்ணீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது. மூச்சுக்குப் போராடும் வாயால் எப்படிக் கூப்பிடும்?

ஒருவர் விழுந்துவிட்டால்

முதல் எச்சரிக்கை, நீந்தத் தெரியாதவர் பின்னால் பாயக் கூடாது. ஒரு பிள்ளை விழ, காப்பாற்றப் பாய்ந்த உம்மாவும் மூழ்கிய சம்பவங்கள் நம் குளங்களிலும் ஆறுகளிலும் நடந்திருக்கின்றன. கையில் கிடைத்ததை நீட்டுங்கள், அல்லது எறியுங்கள். துடுப்பு, தடி, முடிச்சுப் போட்ட இரண்டு சால்வைகள், மூடி இறுக்கிய வெறும் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல், எதுவும் உதவும். நீட்டும்போது நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர் உங்களையும் இழுத்துவிடுவார். படகே கவிழ்ந்துவிட்டால், அது மிதக்கும் வரை அதைப் பிடித்துக்கொண்டே இருங்கள். கரை கிட்டத்தில் தெரிகிறதே என்று நீந்தப் போகாதீர்கள். தண்ணீரில் தூரம் கண்ணுக்குக் குறைவாகத்தான் தெரியும்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊர்ப் பழக்கங்கள். இரண்டும் தவறு. அதனால் நேரம் வீணாகும், வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் போகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை மெதுவாக ஊதுங்கள். நெஞ்சு உயர வேண்டும். அசைவு வராவிட்டால் நெஞ்சின் நடுவில் வேகமாக 30 தடவை அமுக்குங்கள், பிறகு இரண்டு தடவை ஊதுங்கள். உதவி வரும் வரை இதையே மாறி மாறிச் செய்யுங்கள். இன்னொருவர் இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கும், இந்தியாவில் 112 என்ற இலக்கத்துக்கும் அழைக்கட்டும். பிள்ளை கண் விழித்துப் பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். சில மணித்தியாலம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். இந்த முதலுதவியை வாசித்து மட்டும் வைக்காமல், தாதி ஒருவரிடமோ முதலுதவிப் பயிற்சியிலோ செய்து பழகிக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளும் நீந்தட்டும்

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி மரணித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியை நாம் கண்ணால் கண்டவர்கள். அம்பாறைக் கரையில் ஆண்களை விடப் பெண்களும் சிறு பிள்ளைகளுமே அதிகமாக மரணித்தார்கள். காரணங்கள் பல. நீந்தத் தெரியாமை, ஓடத் தடுத்த ஆடை, கையில் பிள்ளை.

நம் வீடுகளில் பையன் குளத்துக்குப் போய்த் தானாகவே நீந்தப் பழகிவிடுகிறான். மகளைக் கரையில் உட்கார்ந்து துணிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். தண்ணீர் ஆண், பெண் பார்ப்பதில்லை. வளரும் முன்பே, ஏழு எட்டு வயதிலேயே, வாப்பாவோ நானாவோ அவளுக்குக் கற்றுக் கொடுக்கலாம். பெரிய பிள்ளைகளுக்குப் பெண்கள் மட்டும் உள்ள நேரத்தில், பெண் பயிற்சியாளரிடம் பழக வசதி செய்யலாம். அந்த வசதி ஊரில் இல்லையென்றால் பாடசாலையிடமும் பள்ளி நிர்வாகத்திடமும் கேளுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் செய்கிறவர்கள் வருவார்கள். போட்டியில் வெல்ல வேண்டியதில்லை. மல்லாந்து மிதந்து, மூச்சு வாங்கி, உதவி வரும் வரை தாக்குப் பிடித்தாலே போதும்.

"நஸீப்" என்று விட்டுவிடலாமா?

விபத்து நடந்த வீட்டில் "அவங்கட நஸீப்" என்று ஆறுதல் சொல்கிறோம். மௌத்துக்குப் பிறகு அந்த வார்த்தை ஆறுதல்தான். அதில் ஐயமில்லை. ஆனால் படகில் ஏறுமுன் அதே வார்த்தையைச் சொன்னால் அது சோம்பல். விதியை நம்பும் நாம் வீட்டுக்குப் பூட்டுப் போடுவதில்லையா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுப்பதில்லையா? தவக்குல் என்பது செய்ய வேண்டியதைச் செய்த பின் அல்லாஹ்விடம் ஒப்படைப்பது. பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதங்கள். அமானிதத்தைக் காக்கும் பொறுப்பு நமக்கு உண்டு.

அடுத்த லீவுக்கும் பிள்ளைகள் தண்ணீர் பார்க்கப் போக ஆசைப்படுவார்கள். அழைத்துப் போங்கள். பிரயாண துஆவை ஓதிவிட்டு, படகுக் கரையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆட்களை எண்ணுங்கள், அங்கிகளை எண்ணுங்கள், வானத்தைப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறுங்கள். சரியில்லையென்றால் பிள்ளைகளின் கையைப் பிடித்துத் திரும்பி, கரையில் பாயை விரித்துச் சோற்றைப் பரிமாறுங்கள். அந்தச் சோறும் ருசியாகத்தான் இருக்கும்.